ஸ்டூலை விட்டு இறங்காதவள்

என் மருமகளுக்கு அவள் வேலை செய்யும் இடத்தில் ஆந்தை என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை, மதிப்பாக வைத்தது. அது பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரி, தங்கும் விடுதி என்று ஊரில் உள்ள படுக்கை விரிப்பெல்லாம் அழுக்கு மூட்டையாக அங்கே போய், கத்தி மடிப்போடு வெளியே வரும். அதற்கு வேண்டிய வெந்நீரும் ஆவியும் ஒரே ஒரு பாய்லரில் இருந்து வருகிறது. அந்த பாய்லரின் வயிற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, குறைந்தால் ஊற்ற ஒரு பம்ப்பும் உண்டு. அந்தக் குழாயில் தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் கண்கொட்டாமல் பார்த்திருப்பதுதான் அவள் வேலை. இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். “கூரை இருக்காது அத்தை” என்றாள், இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி.

முதலில் அவள் அங்கே விரிப்பு மடிக்கிறவளாகத்தான் சேர்ந்தாள். பாய்லர் அறைக்கு ஆள் கிடைக்காமல் முதலாளி அலைந்தபோது இவளே போய்க் கேட்டாளாம். சிரித்தார்களாம். படித்து, பரீட்சையில் தேறி வந்து, சிரித்த ஆட்களுக்கு முன்னாலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் நாற்காலியே கிடையாது. முதுகு சாய்ந்தால் கண் அசந்துவிடும் என்பதற்காக ஸ்டூல் மட்டும்தான். மற்றவர்கள் அதில் நெளிவார்கள். இவள் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் ஆந்தை.

என் மகன் பஸ் ஓட்டுகிறவன். ஆலை வாசலில் நிறுத்தி நிறுத்தியே இவளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவள் வந்த பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் பால் ஒரு தடவைகூடப் பொங்கி வழிந்தது கிடையாது. எனக்கு அவளை முதலில் பிடித்துப்போனது அதற்காகத்தான். அதுவரை தினமும் வழியவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது நான்தானே.

அப்புறம் குழந்தை பிறந்தது. பெண். பட்டாணி என்று கூப்பிட்டோம், அவ்வளவுதான் இருந்தாள். பிறந்த குழந்தை எப்படித் தூங்குமோ அப்படித்தான் தூங்கினாள். கொஞ்சம் தூங்குவாள், எழுந்து கத்துவாள், குடிப்பாள், மறுபடி சொக்கிப் போவாள். பகல் எது, இரவு எது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெருவில் இருக்கிறவர்கள் “குழந்தை தூங்கவே விடலையாமே” என்று துக்கம் விசாரிக்க வந்தபோது நான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். குழந்தை மேல் ஒரு குறையும் இல்லை. தூங்காமல் போனது குழந்தை இல்லை.

அது இப்படி ஆரம்பித்தது. மகனுக்கு வார விடுமுறை, மத்தியானம். அவளைப் பார்த்து அவனுக்கே பாவமாக இருந்திருக்கிறது.

“நீ போய்ப் படு. நான் பாத்துக்கறேன்” என்றான்.

அவளும் நம்பிப் போய்ப் படுத்தாள். இவன் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தான். வாரம் முழுக்க ஸ்டியரிங் பிடித்த உடம்பு, சாய்ந்தால் விடுமா? தூங்கிவிட்டான். குழந்தை மெல்ல மெல்ல வழுக்கி, அவன் கைக்கும் சோபா முதுகுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. முகம் மெத்தையில் பதிந்திருக்கிறது.

எது அவளை எழுப்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து வந்தாள், பார்த்தாள், பிடுங்கி எடுத்தாள். குழந்தை முகமெல்லாம் சிவந்து வீறிட்டு அழுதது. பாத்திரம் தேய்த்த கையோடு நான் ஓடி வந்தேன். மகன் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய் நிற்கிறான்.

“ஒண்ணும் ஆகல. பாரு, அழுவுது பாரு. நல்லாத்தான் இருக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. சமையல்கட்டுக்குப் போய், நான் மேல்தட்டில் இருக்கிற டப்பா எடுக்க ஏறி நிற்கிற ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டில் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். குளிக்க, சாப்பிட, குழந்தைக்குப் பால் கொடுக்க மட்டும் எழுந்தாள். மற்ற நேரமெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரவெல்லாம் அப்படித்தான் என்பதை நான் காலையில் அவள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

“அவனை எழுப்பேண்டி. அவனுக்கும்தானே புள்ள?”

“பஸ் நிறைய ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டறாரு அத்தை. அவரைத் தூங்காம வெச்சு அனுப்பினா, அந்த உசுருக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?”

“சரி, என்னை எழுப்பு.”

“நீங்க குறட்டை விட்டா பக்கத்து வீட்டுல பூகம்பம்னு எழுந்து உக்காந்துடறாங்க. உங்களை எழுப்பறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

“நான் மூணு பெத்தவடி!”

“மூணும் நல்லாத்தான் இருக்கு அத்தை. நான் இல்லைன்னு சொல்லலையே.”

சொல்லிவிட்டு மறுபடி தொட்டிலைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸ் வந்தாள். நல்ல பெண். வந்ததும் தொட்டிலில் நான் சுற்றிலும் அடுக்கி வைத்திருந்த குட்டித் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டாள்.

“இதெல்லாம் வேணாம்மா. கெட்டியான மெத்தை, மேல இழுத்துக் கட்டின துணி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைங்க. வேற எதுவும் உள்ள இருக்கக் கூடாது. மூஞ்சியில விழுந்தா அதுக்குத் தள்ளிவிடத் தெரியாது.”

“வெறும் துணியிலயா? அது என்ன ஜெயில் கைதியா?” என்றேன். அவள் போனதும் ஒரே ஒரு தலையணையை மட்டும் திரும்ப வைத்தேன். மருமகள் அதையும் எடுத்து வெளியே வைத்தாள்.

போகும் முன் நர்ஸ் அவள் தோளில் கை வைத்துச் சொன்னாள். “குழந்தை தூங்கறப்போ நீயும் தூங்கிடும்மா.”

“அது தூங்கறப்பதானே சிஸ்டர் பாக்கணும்? அழுதா, இருக்குன்னு தெரியும். சத்தமே இல்லாம இருக்கறப்பதான் தெரியாது.”

நர்ஸ் பையை மாட்டிக்கொள்ளப் போனவள் அப்படியே நின்றாள். “எத்தனை நாளா இப்படி?” என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். “குழந்தை தூங்கி, வீடும் அமைதியா இருந்து, அப்பவும் இவங்களால கண்ணை மூட முடியலைன்னா அது வெறும் கவலை இல்லம்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க” என்றாள். மருமகள் தலையாட்டினாள். போகலாம் என்றாள். நாளைக்கு என்றாள். நாளைக்கும் நாளைக்கு என்றாள். டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான் அவள் கவலை. குழந்தை அவள் மடியிலேயேதான் இருக்கும் என்பது அவள் மூளைக்கு எட்டவில்லை. மூளை அப்போதே இடம் மாறத் தொடங்கியிருந்தது.

டீயில் உப்புப் போட்டாள். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மறுபடி நனைத்துக் காயப் போட்டாள். குழந்தைக்குக் கட்ட வேண்டிய துணியைத் தலையணைக்குச் சுற்றிக் கட்டிவிட்டு, குழந்தையை அம்மணமாகக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ குறைகிறதே என்று முழித்தாள். பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் நிற்பாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து, “பம்ப் ஓடுதா அத்தை?” என்றாள்.

“எந்தப் பம்ப்பு?”

என்னைப் பார்த்தாள். நான் யார் என்று யோசிக்கிற பார்வை அது.

அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. கண் சொருகும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீரை ஊற்றுவதை நிறுத்திவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. “சீக்கிரம் ஊத்துங்க அத்தை. தனியா இருக்கு” என்றாள். தனியாக எங்கே இருந்தது? குளியலறை வாசலிலேயே தொட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள். கதவும் திறந்துதான் இருந்தது.

மகனிடம் சொன்னேன். அவன் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதான். வெளியே வந்து அவள் ஸ்டூல் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டு, “என்னை நாலு அறை வேணும்னாலும் அறை. ஆனா படு. கெஞ்சிக் கேக்கறேன், படு” என்றான்.

“உங்க மேல கோவமே இல்லங்க” என்றாள் தொட்டிலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். இது அப்படி இல்லையே. அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, ரகசியம் மாதிரிச் சொன்னாள்:

“என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க அத்தை. நான் கண்ணை மூடினா இது செத்துடும். மூடலைன்னா நான் செத்துடுவேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

விடிந்ததும் அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கியாவது டாக்டரிடம் கொண்டு போவது என்று முடிவு கட்டினேன். மகன் காலையில் பஸ் டிப்போவுக்குப் போனான், மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் நனைந்த துணியை மொட்டைமாடியில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். தொட்டில் காலி. ஸ்டூல் கவிழ்ந்து கிடக்கிறது. வாசல் கதவு ஆவென்று திறந்திருக்கிறது. அவள் செருப்பு கிடக்கிறது, அவளைக் காணோம்.

கீழ் வீட்டுத் தையல்காரர் மிஷினில் இருந்து தலையைத் தூக்கினார். “உங்க மருமக இப்பத்தான் ரோட்டைத் தாண்டிப் போச்சு. குழந்தையைத் துண்டுல சுத்திக்கிட்டு, வெறுங்காலோட. அதுக்குள்ள வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்களா?”

“எந்தப் பக்கம்யா? எந்தப் பக்கம் போனா?”

“ஆலைப் பக்கம்தான்.”

அந்த ரோட்டில் லாரி ஓடும். நான் முட்டிவலிக்காரி, மாடிப்படியையே பக்கவாட்டில் இறங்குகிறவள். அன்றைக்கு எப்படி ஓடினேன் என்று என் முட்டியைத்தான் கேட்க வேண்டும். வழியெல்லாம் ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். என்ன கிடக்குமோ என்று பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆலை காவலாளி என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் கையைக் காட்டினான். பாய்லர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலை அவிழ்ந்து கிடக்கிறது, கால் கட்டைவிரலில் ரத்தம். குழந்தை நெஞ்சோடு இருக்கிறது. உள்ளே ஸ்டூலில் ஒரு ஆள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி, சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். குண்டூசி என்று அவருக்குப் பெயர். இவளுக்கு அடுத்த ஷிஃப்ட் பார்க்கிறவர், இவள் எழுந்தால் அந்த ஸ்டூலில் உட்காருகிறவர் அவர்தான்.

“மாத்திவிட ரிலீவர் வரல அண்ணே” என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எத்தனை ஷிஃப்ட் ஆச்சுன்னே தெரியல. யாருமே வரல. நான் எப்படி எறங்கறது?”

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் மனிதர் ஸ்டூலை விட்டு அசையவில்லை. “அங்கயே நில்லும்மா, உள்ள வராத” என்றார். பிறகு பக்கத்து அறைப் பக்கம் கழுத்தைத் திருப்பாமலே, “மெக்கானிக்! ஓடி வா!” என்று கத்தினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அப்போதும் இவர் எழுந்திருக்கவில்லை.

“தண்ணி பாதிக்கு மேல. பம்ப் இப்பத்தான் நின்னுச்சு. அழுத்தம் சரியா இருக்கு. நீ பாரு.”

மெக்கானிக் குனிந்து கண்ணாடிக் குழாயைப் பார்க்கிறார். அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்க்கிறார். நிதானமாக, பெண் பார்க்க வந்த மாதிரிப் பார்க்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்க ஒரு மனுஷி உசுரு போயி நிக்கறா, நீங்க ரெண்டு பேரும் தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கறீங்களா? மனுஷங்கதானா நீங்க?”

“ஒரு நிமிஷம்மா” என்றார் குண்டூசி, திரும்பாமல்.

“தண்ணி பாதிக்கு மேல. பம்ப் நின்னிருக்கு. முள்ளு சரியான எடத்துல” என்று மெக்கானிக் சொன்னார். “என் கையில.”

அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் குண்டூசி ஸ்டூலை விட்டுக் குதித்தார்.

அவளை நடத்திக்கொண்டு விரிப்பு மடிக்கிற கூடத்துக்குப் போனோம். மடித்த விரிப்புகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், கீழே மடிக்காதது குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலில் உட்கார வைத்தோம். “குடுடி குழந்தையை” என்று கையை நீட்டினேன். இன்னும் இறுக்கினாள். குண்டூசி அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். அழாதே என்று சொல்லவில்லை, படு என்று சொல்லவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

“சொல்லு. என்ன நிலைமை?” என்றார்.

பத்து வார்த்தை கோர்வையாகப் பேச முடியாமல் இருந்தவள், மடை திறந்த மாதிரிச் சொன்னாள். “கடைசியா இடது பக்கம் குடிச்சுது. ஏப்பம் வந்துச்சு. துணி மாத்தினேன், வர்ற வழியில நனைஞ்சிருக்கும். காய்ச்சல் இல்ல. மூக்குல லேசா சளி. தூங்கறப்போ மூச்சு வேகமாப் போயி ஒரு நொடி நிக்கும், மறுபடி வரும். அது இந்த வயசுல சகஜம்னு சிஸ்டர் சொன்னாங்க.”

அவர் சரி என்று தலையாட்டிவிடவில்லை. குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்தார். மூக்கருகே குனிந்தார். உள்ளங்கையை மார்பின் மேல் வைத்து, அது ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள். அவர் அவசரப்படவே இல்லை.

“இடது பக்கம் குடிச்சிருக்கு. துணி நனைஞ்சிருக்கு. ஒடம்பு சுடல. சளி இருக்கு. மூச்சு நல்லா வருது” என்றார். “என் கையில. நீ போகலாம்.”

அவள் கைகள் தானாக விரிந்தன. குழந்தை அவர் கைக்குப் போனதும், வெட்டிய கிளை மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். தலை விரிப்பில் படும்போது தூங்கியிருந்தாள். மடிக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் வந்து அவள் காலில் ரத்தத்தைத் துடைத்தாள்.

“சரிப்பா, பெரிய உதவி. என் பேத்தியைக் குடு” என்றேன்.

“தரேம்மா. ஆனா முறையா வாங்கிக்கோங்க.”

“என் பேத்தியை வாங்கறதுக்கு எனக்கே நீ முறை சொல்றியா? உனக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே நான் புள்ள வளர்த்தவ!”

“இருக்கட்டும்மா. இவ என்கிட்ட குடுத்துட்டுத் தூங்கறா. முழிச்சா என்னைத்தான் கேப்பா. சும்மா தூக்கிக் குடுத்துட்டேன்னு சொன்னா இனிமே என்கிட்டயும் தர மாட்டா.”

நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் குழந்தையோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். ஊதினால் பறக்கிற உடம்பில் இவ்வளவு பிடிவாதம் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. எனக்குச் சமமாகப் பிடிவாதம் பிடித்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில், “சொல்லித் தொலை” என்றேன்.

இடது பக்கம் குடித்ததில் இருந்து மூச்சு வரைக்கும் எல்லாம் சொன்னார். “சரி சரி” என்றேன்.

“சரின்னா ஆகாதும்மா. நீங்க பாத்ததை நீங்க சொல்லுங்க.”

குழந்தையைப் பார்த்தேன். பிறந்ததில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது, காது யாருடையது என்று. அது வேறு பார்வை. இப்போது மார்பைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது, நின்றது. என் நெஞ்சும் நின்றது. பிறகு ஏறியது. இத்தனை நாளும் ஒருத்தி தனியாக இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“துணி நனைஞ்சிருக்கு, மாத்தணும்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “சளி இருக்கு. மூச்சு வருது. என் கையில.”

“உங்க கையிலம்மா” என்று கொடுத்துவிட்டு அவர் பாய்லர் அறைக்கு ஓடினார்.

பசித்துக் குழந்தை அழுதபோது, குழந்தையை நான் பிடித்துக்கொண்டு, படுத்திருந்த அவளிடமே பால் குடிக்க வைத்தேன். பாதிக் கண்ணைத் திறந்தாள். “யார் கையில?”

“என் கையிலடி.”

“என்ன பாத்தீங்க?”

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் யாரையும் காணாமல், தையல்காரரிடம் கேட்டுக்கொண்டு மகன் ஆலைக்கே ஓடி வந்தான். அங்கிருந்தே டாக்டரிடம் போனோம். தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல் போவது திமிரும் இல்லை, பலவீனமும் இல்லை, குழந்தை பெற்ற பிறகு சிலருக்கு வருகிற நோய் என்று டாக்டரம்மா சொன்னார். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார். அடிக்கடி வரச் சொன்னார். “மாத்திரை பாதிதான். மீதிக்கு, இவங்க நம்பிக் கண்ணை மூடற மாதிரி வீட்டுல ஆள் வேணும்” என்றார். அந்த ஆள் நான்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறாக இருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் முறை தவறாமல் சொன்னேன். துணி காய்ந்திருக்கிறது, மூச்சு வருகிறது, என் கையில் என்று கணீரென்று சொன்னேன். அவள் போய்ப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் நிலைப்படியில் வந்து நிற்பாள்.

“என்னடி? சொன்னேனே!”

“சொன்னீங்க அத்தை.”

“அப்புறம் என்ன?”

“அங்க சொன்னப்போ உங்களுக்கு பயமா இருந்துச்சு. இங்க மனப்பாடம் பண்ணின பாட்டு மாதிரிச் சொல்றீங்க.”

அன்றைக்குச் சாப்பாடு வரை அவளோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னாள் என்பதற்காக நான் பேசிவிட வேண்டுமா என்ன?

மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்தது. அவள் கிள்ளுவதை நிறுத்தியிருந்தாள், ஆனால் கோழித்தூக்கம்தான். கால் தரையில் பாவாமல் நடந்தாள். பால் வற்ற ஆரம்பித்தது. குழந்தை பசியில் கத்த, இவள் அதைப் பார்த்து அழ, மறுபடி ஸ்டூல் பக்கம் பார்வை போவதை நான் கவனித்தேன். ஆலைக்குத் திரும்ப ஓடி அந்த விரிப்புக் குவியலில் படுக்க வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். எத்தனை நாளைக்கு முடியும்?

அப்படி ஒரு மத்தியானம் குழந்தையை என்னிடம் நீட்டினாள். நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு முந்தின இரவு முழுக்க முட்டிவலி, நானும் பொட்டுக் கண் மூடவில்லை. குழந்தையின் துணியைத் தொட்டேன். “காஞ்சிருக்கு” என்றேன். மார்பைப் பார்த்தேன். அது ஏறி இறங்குவது என் கண்ணில் இரண்டாகத் தெரிந்தது. இமை கனத்து விழுந்தது.

முடியாது என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தபோதும் சொன்னதில்லை. வாய் வரைக்கும் வந்து நின்றது. அவள் எதிரே ஆடிக்கொண்டு நிற்கிறாள், வாங்கிக்கொண்டால் போய் விழுந்துவிடுவாள்.

“வேணாண்டி” என்றேன். “என் கையில தராத. உக்காந்தா தூங்கிடுவேன்.”

அவள் முகம் என்னவோ போல் ஆனது. உடைந்துவிடப் போகிறாள் என்று பயந்தேன். குழந்தையைத் திரும்ப நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“இதை இன்னிக்குத்தான் சொல்றீங்க அத்தை.”

“இன்னிக்குத்தான் வருது.”

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? முன்னாடியும் ரெண்டு தடவை உங்களுக்குக் கண்ணு சொருகிச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இரண்டு பேரும் நின்றோம். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. குழந்தை நடுவில் கொட்டாவி விட்டது, அதற்கென்ன.

அடுத்த அறையில் மகன் அதிகாலை வண்டி ஓட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் பதறினாள். “அவரை வேணாம் அத்தை.”

“இன்னிக்கு அவன் ஓட்டி முடிச்சாச்சு. இனிமே நாளைக்குத்தான் பஸ்ஸு. அதுக்குள்ள தூங்கிக்குவான்.” போய்ப் போர்வையை உருவினேன். “எழுந்திருடா. மூஞ்சியக் கழுவு. உன் பொண்ணை வாங்கிக்க.”

திடுக்கிட்டு உட்கார்ந்தான். “நானா? அவ குடுப்பாளா?”

“வந்து கேளு.”

முகம் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். சோபா பக்கமே போகவில்லை. அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு மெதுவாகச் சொன்னாள், எந்தப் பக்கம் குடித்தது, எப்போது துணி மாற்றியது, சளி எப்படி இருக்கிறது என்று.

அவன் குனிந்து பார்த்தான். அந்தப் பெரிய கையை அவளுடைய குட்டி மார்பில் வைத்தான்.

“வலது பக்கம் குடிச்சிருக்கு…”

“இடது.”

“இடது. இடது பக்கம். துணி காஞ்சிருக்கு. சளி முன்னைக்குக் கம்மி. மூச்சு…” இன்னும் குனிந்து மறுபடி பார்த்தான். “மூச்சு வருது.”

“தூக்கம் வருதா உங்களுக்கு?”

“வந்துச்சு. இப்ப இல்ல. மறுபடி வந்தா தொட்டில்ல மல்லாக்கப் போட்டுட்டு உன்னை எழுப்பிடுவேன். நீ திட்டினாலும் எழுப்புவேன்.” கையை நீட்டினான். “என் கையில.”

அவள் கொடுத்தாள். படுக்கைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் விழுந்தேன். கூடத்தில் அவன் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிற சத்தம் கேட்டது. அவள் கண் திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க நினைத்தேன். பார்ப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

குழந்தையின் அழுகையில்தான் எழுந்தேன். வெயில் சுவரின் அந்தப் பக்கம் போயிருந்தது. மகன் வாசலில் நிற்கிறான், குழந்தை கையில் கத்துகிறது. அவள் அசையவில்லை. சட்டை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. வற்றிய பால் ஊறியிருக்கிறது.

“எழுப்பட்டுமாம்மா?” என்று கிசுகிசுத்தான். அந்தக் கத்தலுக்கு நடுவில் கிசுகிசுக்கிறான்.

“எழுப்புடா. பசிக்குதில்ல அதுக்கு?”

தோளைத் தொட்டதும் எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று விளங்காமல் கொஞ்ச நேரம் விழித்தாள். அப்புறம் குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தாள். பட்டாணி மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வரும்வரை காத்திருந்தாள்.

மகன் தயங்கிக்கொண்டு நின்றான். கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“வலது பக்கம் குடிச்சுது. துணி மாத்தணும்” என்று சொல்லி, அவளாகவே குழந்தையை அவனிடம் நீட்டினாள். அவன் பார்த்து, தொட்டு, சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி மறுபடி படுத்துக்கொண்டாள்.